முன் ரெண்டு வேண்டாம்

இல்ல சார், இடது கை வலிக்கு மட்டும்தான். வலிச்சா இடது கையைத் தூக்குங்க. கதையைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா வலது கை. ரெண்டையும் சேர்த்துத் தூக்கினா நான் என்னன்னு எடுத்துக்கிறது? சரணடையறீங்களா?

வாயை இன்னும் பெரிசா திறங்க. ஆங், அப்படியே வெச்சுக்குங்க. உள்ள ரப்பர் ஷீட்டு, கிளிப்பு, எச்சில் உறிஞ்சுற குழாய், போதாததுக்கு என் ரெண்டு விரலு. உங்களால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரியே கேக்கறேன். வலது கட்டை விரல் மேல போனா ஆமா, கீழ போனா இல்ல. இவ்வளவு வசதி வேற எந்தப் பல் டாக்டரு செஞ்சு குடுப்பா, சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம்.

நீங்க உள்ள வரும்போதே பாத்துட்டேன். பல்லு வலின்னு வர்றவங்க கையில நான் துண்டைப் பாத்திருக்கேன், கிராம்பைப் பாத்திருக்கேன், ஒருத்தர் கையில அவரோட பல்லையே பாத்திருக்கேன். புத்தகத்தோட வந்தது நீங்கதான். ஒரு கையால கன்னத்தை அழுத்திப் பிடிச்சிருக்கீங்க, நீங்க பாட்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து பக்கத்தைத் திருப்பிட்டிருக்கீங்க. அட்டையில விண்கலம். சயின்ஸ் ஃபிக்‌ஷன்தானே? புதுசா வந்ததா? அப்பாடா. தெய்வமா பாத்து உங்க கடைவாய்ப் பல்லைச் சொத்தையாக்கி அனுப்பியிருக்கு.

எனக்கு ஒரு உதவி வேணும் சார். என் சிநேகிதி ஒருத்திக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு நாவல் எடுத்துக் குடுக்கணும். புதுசா வந்ததா இருக்கணும், பழசையெல்லாம் அவ கரைச்சுக் குடிச்சுட்டா. பொண்ணு வீட்டுக்குப் போறா. கடல் தாண்டி. பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு. ஆறு மாசம்தான், போனதும் தெரியாது வந்ததும் தெரியாதுங்கறா. இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பணும். என் கையில சரியான புத்தகம் இல்ல. காலையில இருந்து எனக்கு வேலையே ஓடல. பயப்படாதீங்க, உங்க பல்லுல கவனமாத்தான் இருக்கேன்.

யாருன்னு காட்டறேன். அதோ அந்தச் சுவத்துல சின்ன ஜன்னல் தெரியுதா? தலையைத் திருப்பாதீங்க சார்! கண்ணை மட்டும் திருப்புங்க. ஆங். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அறை. கொர்ருன்னு ஒரு சத்தம் வருதே, அது பாலிஷ் போடுற மெஷின். என் கைக்கருவி இல்ல, என்னுது கிர்ருங்கும். அங்க உக்காந்து பல்செட்டு செய்யறவதான் அவ. செட்டக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவ பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அவளோட முழுப்பேரைப் பாத்துட்டு, இது யாருன்னு நானே ஒரு நிமிஷம் யோசிச்சேன். இந்த ஊர்ல பாதிப் பேரு சிரிக்கறது அவ கையில செஞ்ச பல்லாலதான். கடைசி செட்டு ஓடிட்டிருக்கு இப்ப. அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் நாம பேசறது அவளுக்குக் கேக்காது. அதுக்குள்ள முடிவு பண்ணணும்.

சரி, முதல் கேள்வி. உங்க புத்தகத்துல வேற்றுக்கிரகத்து ஆளுங்க வர்றாங்களா? நல்லது. அதுங்களுக்குப் பல்லு இருக்கா?

ஏன் சார் சிரிக்கறீங்க, கிளிப்பு நழுவுது. நிஜமாத்தான் கேக்கறேன். செட்டக்காவுக்கு நாவல்ல மொதல்ல அதுதான் தெரியணும். வாயே இல்லாம மூளையால பேசிக்கிற ஜீவராசின்னு யாராவது எழுதியிருந்தா அந்தப் பக்கத்தோட மூடிடுவா. சரி, பேச வேண்டாம், சாப்பிடறது எப்படின்னு கேப்பா. ஒரு நாவல்ல முந்நூறு வருஷம் ஐஸ் பெட்டிக்குள்ள தூங்கினவன் எழுந்ததும் ஓடிப்போய்க் காதலிக்கு முத்தம் குடுக்கறான். எல்லாரும் அந்த இடத்துல அழுதாங்களாம். செட்டக்கா புத்தகத்தை ஜன்னல் வழியா என் மேல வீசினா. சனியன் பிடிச்சவன் வாயைக் கொப்பளிச்சானா, அதைப் பாத்தியா நீன்னு. உண்மையைச் சொன்னா, அதுக்கப்புறம் எனக்கும் அந்த முத்தம் இனிக்கல.

பல்லு இருக்கா இல்லையா, விரலைக் காணோமே? இருக்கு. ரெண்டு விரல் காட்டறீங்க. ரெண்டு பல்லா? ரெண்டு வரிசையா! மேல ரெண்டு, கீழ ரெண்டா? போச்சு, அக்கா அச்செடுக்கவே கிளம்பிடுவா. நல்ல புத்தகமா இருக்கும்போல இருக்கே.

இடது கை. வலிக்குதா? குளிர்ந்த காத்துப் பட்டிருக்கும். இப்ப? சரி.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல சார். போன வாரம் பூரா கடைக்கு அலைஞ்சு மூணு நாவல் வாங்கிப் படிச்சேன். ஒண்ணு, கடலுக்கு அடியில நகரம் கட்டி வாழறாங்க. மேல பூமி பூரா காஞ்சு போச்சு. கீழ எல்லாப் பக்கமும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல, குழாயடியில சண்டை. குழாயடிச் சண்டைன்னா அப்படி ஒரு சண்டை, எழுதினவரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கறவராத்தான் இருக்கணும். அருமையான கதை. கடைசிப் பக்கத்துல அத்தனை முடிச்சும் அழகா அவிழ்ந்துடுது. வேண்டாம்னு வெச்சுட்டேன்.

ரெண்டாவது, ஒரு கம்ப்யூட்டரு விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகுது. முதல்ல யாரு கட்டி வெச்சான்னு தெரியல, ஆனா பாதிப் புத்தகம் வாதாடுது. தூங்கும்போது கூட என்னை அணைக்கறதில்லைன்னு அழுவுது. நல்லா சிரிச்சேன். தீர்ப்பு வந்துடுது. வேண்டாம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒருத்தன் தன் அப்பா தொல்லை தாங்காம, காலத்துல பின்னாடி போயி அம்மாவோட கல்யாணத்தை நிறுத்தப் பாக்கறான். போன இடத்துல போட்டோ எடுக்கறவரு வரல, இவன் கையில கேமராவைத் திணிச்சுடறாங்க. கடைசியில வீட்டு ஆல்பத்துல இருக்கற அத்தனை படத்தையும் இவனேதான் எடுத்திருக்கான். படத்துல அவங்க அப்பா முறைக்கறது இவனைப் பாத்துத்தான். படிச்சு முடிச்சுட்டு எங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாத்தேன், அவ்வளவு நல்ல முடிவு. அதனாலேயே வேண்டாம்.

புருவத்தைச் சுருக்காதீங்க, கன்னம் இழுக்குது. நல்லா முடியுதுன்னா எடுத்துக் குடுக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. கடைக்காரரும் அதேதான் கேட்டாரு. உங்களுக்கு என்னதான் வேணும்னு, பாவம், ஏணி மேல நின்னுகிட்டே கேட்டாரு. எனக்கு வாயில வரல. உங்ககிட்டயும் அப்புறமாச் சொல்றேன்.

அக்காவும் நானும் எப்படிப் பேசிக்குவோம்னு உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் இது புரியும். நேர்ல பேச எங்களுக்கு நேரமே கிடையாது சார். நான் இங்க ஒரு வாய்க்குள்ள, அவ அங்க ஒரு வாய்க்கு வெளிய. எல்லாம் சீட்டுதான். என்ன செட்டு, என்ன நிறம், மேலயா கீழயான்னு நான் எழுதி ஜன்னல்ல வெப்பேன். அதுக்குக் கீழேயே அந்த வாரம் படிச்ச நாவலைப் பத்தி ரெண்டு வரி. செட்டு ரெடியானா அவ ஜன்னலை ரெண்டு தட்டு தட்டுவா. செட்டோட அவ பதிலும் வரும்.

ஒரு தடவை என்னாச்சு, ஒரு பெரியவரு வந்தாரு. ரயில் நிலையத்துல வண்டி வருது போகுதுன்னு மைக்குல சொல்றவரு. கம்பீரமான குரலு. மேல் வரிசை முழுசா போயிடுச்சு, செட்டு வேணும்னாரு. அதே வாரம் நான் ஒரு அஞ்சு பாக நாவல் முடிச்சிருந்தேன். முதல் ரெண்டு பாகம் பூரா ராக்கெட்டுக்கு ஆணி அடிக்கறாங்க சார், கிளம்பவே இல்ல. அதனால அக்கா நேரத்தை வீணாக்க வேண்டாம்னு எழுதினேன்: முன் ரெண்டு வேண்டாம், மூணுல இருந்து போதும்.

புரிஞ்சுடுச்சா? சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, ஊசி மாதிரி ஒரு சாமான் உள்ள இருக்கு.

அப்படியே செஞ்சுட்டா. முன்னாடி ரெண்டு பல்லு இல்லாம ஒரு செட்டு. அந்த இடத்துல ஈறு வேற ரோஸ் நிறத்துல, பாலிஷ் போட்டு, பாக்க லட்சணமா. எனக்கு அப்ப ஒரு ஃபோன் வந்துச்சு, நான் பாக்காமலே வாயில மாட்டி விட்டுட்டேன். பெரியவரு சிரிக்கறாரு, வாசக் கதவு திறந்து கிடக்குது. கண்ணாடியில ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மரியாதையா கேட்டாரு, இப்பல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்களா டாக்டர்னு. முதல் நடைமேடைன்னு சொல்லிப் பாத்தாரு, பாதி காத்தாப் போச்சு.

நான் ஜன்னல்ல தலையை விட்டு, என்னக்கா இதுன்னேன். நீதானேம்மா எழுதினே, எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு, ஏதோ புது மோஸ்தர்னு விட்டுட்டேன்கறா. இதோட போச்சா? எந்த வரிசைன்னு அச்சைப் பாத்தே தெரிஞ்சுகிட்டு, அதே சீட்டுல மேல எழுதியிருந்த மேல் வரிசை முழுசும் வேணும்ங்கறதை அவ நாவல் பேருன்னு நினைச்சுகிட்டா. அதுவும் என் கையெழுத்துல. நூலகத்துக்குப் போயி, மேல் வரிசை முழுசும்னு ஒரு நாவல் இருக்கான்னு கேட்டிருக்கா. அங்க இருந்த புண்ணியவான் ஏணி போட்டு மேல் தட்டுல இருந்த அத்தனையையும் இறக்கிப் போட்டிருக்காரு. அன்னைல இருந்து பல்லுன்னா நீல மை, கதைன்னா சிவப்பு மை.

அந்தப் பெரியவருக்கு நாங்க வேற செட்டு செஞ்சு குடுத்துட்டோம் சார். முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் இருக்கு, அக்காவுக்கு ஆகவே ஆகாத விஷயம். பாதியில நிக்கற கதை. அந்தக் காலத்துல ஒரு தொடர் நாவல் படிச்சோம். மூணாம் பாகம் முடியும்போது, ஒருத்தி விண்கலத்துக்கு வெளிய கயித்துல தொங்கறா. கயிறு இழை இழையா பிரியுது. தொடரும்னு போட்டுட்டான். நாலாம் பாகம் வரவே இல்ல. எழுதினவரு செத்துட்டாரான்னு விசாரிச்சேன், இல்லையாம், மீன் பண்ணை வெச்சுட்டாராம். அக்கா இன்னைக்கு வரைக்கும் மறக்கல. மழை பெஞ்சா, ஜன்னலைத் திறந்து, ஏம்மா அவளை உள்ள எடுத்தாச்சான்னு கேப்பா. மீன் வாங்கறதையே நிறுத்திட்டா சார். அந்த மனுஷனுக்கு ஒரு பைசா போகக் கூடாதாம். அதுல இருந்து தொடர்னா எல்லாப் பாகமும் வந்தப்புறம்தான் கையில தொடுவா. எனக்கும் கட்டளை, பாதிக் கதையை என் கண்ணுல காட்டாதேன்னு.

கொஞ்சம் இருங்க, பஞ்சு மாத்தறேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அக்கா போறாளே, இனிமே யாருகிட்ட பேசறதுன்னு. ஃபோன் எதுக்கு இருக்கு, பேசிக்கங்களேன்னாரு. ஃபோன்ல என்ன பேசறது? நாங்க ஒரு நாளும் நல்லா இருக்கியான்னு கேட்டுக்கிட்டதில்ல சார். அக்காவோட வீட்டுக்காரர் தவறிப் போனப்போ, எல்லாம் முடிஞ்சு வேலைக்கு வந்து உக்காந்தா. நானும் ஜன்னல்கிட்ட போயி நின்னேன். ஒரு வார்த்தை வரல. என் பையில ஒரு நாவல் இருந்துச்சு. ஆளே இல்லாத ஒரு கிரகத்துல ஒருத்தி மட்டும் மாட்டிக்கிட்டு, செடி வளர்த்து உயிர் பிழைக்கற கதை. அதை நீட்டினேன். குடுத்தப்புறம்தான் ஐயய்யோன்னு இருந்துச்சு, புருஷனைப் பறிகுடுத்தவகிட்ட குடுக்கற புத்தகமா இது! ரெண்டு நாள் கழிச்சு ஒரு செட்டோட சீட்டு வந்துச்சு. சிவப்பு மையில ஒரே வரி. செடி முளைக்கற இடத்தை மூணு தடவை படிச்சேன்னு. நாங்க பேசிக்கிட்டதுலயே பெரிய பேச்சு அதுதான். நான் கழிப்பறைக்குள்ள போயி அழுதுட்டு வந்து ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கினேன்.

சரி விடுங்க. உங்க புத்தகத்தைப் பாப்போம். வயித்து மேல வெச்சிருக்கீங்க, நீங்க மூச்சு விட விட எழுத்து மேலயும் கீழயும் போகுது. நான் எடுத்துக்கலாமா? நன்றி. எழுதினது ஒரு பொண்ணு, பின்னட்டையில படம் இருக்கு. சின்னப் பொண்ணு. பல்லெல்லாம் நல்லா இருக்கு, ஈறு ஆரோக்கியமா இருக்கு. நீண்ட நாள் இருப்பா.

இது என்ன ஓரத்துல, எறும்பு மாதிரி? இந்தப் பூதக்கண்ணாடி போட்டதால தெரியுது, இல்லேன்னா தூசின்னு தட்டி விட்டிருப்பேன். மூன்று பாகங்களில் முதலாவது.

சார், சார், ரெண்டு கையையும் இறக்குங்க! நீங்க கவனிக்கலையா? இவ்வளவு தூரம் படிச்சுட்டீங்க, இன்னும் கொஞ்சம் பக்கம்தானே பாக்கி. அட்டையை முழுசா படிக்க மாட்டீங்களா? இடது கை. வலியா? ஓ, மனசு வலியா. அதுக்கு என்கிட்ட ஊசி இல்ல.

ரெண்டாம் பாகம் எப்போன்னு போட்டிருக்கா? அடுத்த வருஷக் கடைசியில. மூணாவது? போடவே இல்ல! சார், உங்களுக்குக் கோடி புண்ணியம். இதுதான் சார். இதைத்தான் நான் கடை கடையா தேடினேன், வெட்கப்பட்டுக்கிட்டுக் கேக்காம விட்டேன். முடியற கதை எவன் வேணாலும் குடுப்பான்.

கடைசிப் பக்கத்தை மட்டும் பாக்கறேன். ம். ம். விண்கலத்துக்குள்ள எல்லாரும் இருக்காங்க, ஒருத்தர் குறையல. எண்ணிப் பாக்கறாங்க. வெளிய இருந்து யாரோ கதவைத் தட்டறாங்க. முதல் பாகம் முற்றும். அடி ஆத்தீ! ஐயோ, மன்னிச்சுக்குங்க, நீங்க இன்னும் அங்க வரல இல்ல. நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேக்கல.

இன்னொண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. உங்க பல்லு வேலை அப்பவே முடிஞ்சுடுச்சு. ரயில்காரர் கதை ஆரம்பிக்கும்போதே அடைச்சு, காய வெச்சு, தேய்ச்சாச்சு. அதுக்கப்புறம் நான் தட்டிட்டிருந்தது சும்மா. பஞ்சு மாத்தினதும் சும்மாதான். முறைக்காதீங்க. உங்களுக்கு அப்புறம் இன்னைக்கு ஆளு இல்ல. உங்களை எழுப்பி விட்டா நான் அந்த ஜன்னல்கிட்ட போயாகணும். அவ கிளம்பறேம்மான்னுவா. நான் சரிக்கான்னுவேன். எங்களுக்கு அவ்வளவுதான் சார் வரும்.

இதோ கிளிப்பை எடுத்துட்டேன். பேசாதீங்க, உதடு மரத்திருக்கு, கடிச்சுக்குவீங்க. ரெண்டு மணி நேரம் எதையும் மெல்லவும் கூடாது. சும்மாதானே இருக்கப் போறீங்க, வெளிய பெஞ்சுல உக்காந்து, அவ கிளம்பறதுக்குள்ள மிச்சத்தைப் படிச்சுட்டு, புத்தகத்தை எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன். பல்லுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். கட்டை விரலு? மேலதானே? நல்லா இருப்பீங்க.

திட்டுவா. ஊருக்குப் போயி கடைசிப் பக்கம் வந்ததும் ஃபோன் போட்டுக் கிழிகிழின்னு கிழிப்பா. கிழிக்கட்டும். ரெண்டாம் பாகம் வந்தா நான் வாங்கி அந்த ஜன்னல்லதான் வெப்பேன். அனுப்ப மாட்டேன். அவ போற ஊர்ல நம்ம புத்தகம் கிடைக்காது, விசாரிச்சுட்டேன். ஆறு மாசம்னு போனவங்க யாரு சார் ஆறு மாசத்துல திரும்பி வந்திருக்காங்க? குழந்தை நடக்கட்டும்பாங்க, பேசட்டும்பாங்க, பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டு வர்றேன்பாங்க. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வராம இருக்காதேக்கான்னு என்னால சொல்ல முடியாது, எனக்கு அந்த வாய் இல்ல. தட்டினது யாருடின்னு அவ கேப்பா இல்ல, வந்து பாருக்கான்னு சொல்லுவேன். அது சொல்ல வரும்.

மெஷின் நின்னுடுச்சு.

எழுந்திருங்க சார், தண்ணி அந்தப் பக்கம் இருக்கு, கொப்பளிச்சுத் துப்புங்க. மெதுவா. அதோ, தட்டறா. இதோ வர்றேன்க்கா!